பூசணிக்கு வால், ஐரிஸுக்கு முதுகு

“வண்டி திருப்ப இடமில்ல!”

டிரைவரம்மா இந்த வீட்டுக்குள்ள காலெடுத்து வச்சப்ப சொன்ன முதல் வார்த்தையே இதுதான். ஒரு கையில பெட்டி, ஒரு கையில தண்ணி பாட்டில், வாயில இந்தப் புகார். அப்புறம் சமையலறையில நின்னு சொன்னாங்க. மாடிப்படி ஏறும்போது சொன்னாங்க. குளியலறையில தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு, தண்ணி சத்தத்தையும் மீறிச் சொன்னாங்க. “இது வீடா, தீப்பெட்டியா? ஒரு ஆள் எதிர்ல வந்தா இன்னொரு ஆள் ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்கு. வண்டி திருப்ப இடமில்லம்மா, வண்டி திருப்ப இடமில்ல!”

எந்த வண்டி? ஒரு வண்டியும் கிடையாது. வயசுப் பொண்ணா ஸ்டியரிங்கைப் பிடிச்சவங்க, தலை நரைக்கிற வரைக்கும் டவுன் பஸ் ஓட்டி, அப்பதான் ஓய்வாகி இறங்கியிருந்தாங்க. அவங்க பஸ்ஸை விட்டாங்களே தவிர, பஸ் அவங்களை விடல. சோபாவுல சாஞ்சாலும் வலது கால் தரையில பிரேக்கைத் தேடும். யாராவது குறுக்க வந்தா கை தானா ஹாரன் இருக்கிற இடத்துக்குப் போகும். உட்காரும்போது ‘உஸ்ஸ்ஸ்ஸ்’னு ஒரு பெருமூச்சு வரும் பாருங்க, டிப்போவுல அதுக்காகவே அவங்களுக்கு ஏர்பிரேக்னு பட்டப்பேரு. அந்தச் சத்தம் கேட்டா, வீடு நின்னுடுச்சு, இறங்கலாம்போலன்னு தோணும்.

வீடு சம்பந்தியோடது. சிக்கலே அதுதான். மகளைக் கட்டின மாப்பிள்ளையோட அப்பா, கோட்டு தைக்கிற கடைகளுக்குத் துணி வெட்டிக் கொடுக்கிற கட்டிங் மாஸ்டர். முன் அறையை அவரோட நீள மேஜை அடைச்சுக்கிட்டிருக்கும். கழுத்துல இன்ச் டேப்பு, காதுல சாக்பீஸ், கையில அவர் முழங்கை நீளத்துக்கு ஒரு கத்தரி. குரல் மட்டும் இருக்கா இல்லையான்னே தெரியாது. ஊசியில நூல் கோக்கிறவர் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி, “சம்பந்திம்மா... டீ... சூடா இருக்கா...?”ம்பாரு. அந்தக் கேள்வி வந்து சேர்றதுக்குள்ள டீ ஆறிடும்.

மக எக்ஸ்ரே எடுக்கிறவ. “அசையாதீங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க”ன்னு நாள் முழுக்கச் சொல்லிட்டு வந்து, வீட்லயும் அம்மாகிட்ட அதையேதான் சொல்லுவா. மாப்பிள்ளை ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஆனா வீட்ல அவர் ஒரு மேஜை விசிறி. அப்பா பக்கம் திரும்பி ஒரு ஆட்டு, அத்தை பக்கம் திரும்பி ஒரு ஆட்டு. ரெண்டு பக்கமும் காத்து சமமா போகும்.

“அம்மா, இங்கயே இருந்துடேன்”னு மக கேட்டா.

டிரைவரம்மாவுக்கு உள்ளுக்குள்ள தேன் வடிஞ்சது. டிப்போ பக்கத்துல டயர் கடை மாடியில ஒத்தை அறை, பேச்சுத் துணைக்கு ஒரு குழாய், அதுவும் சொட்டுச் சொட்டாத்தான் பதில் சொல்லும். அங்க திரும்பப் போக யாருக்கு ஆசை? ஆனா வாய்னு ஒண்ணு இருக்கே, அவங்க வாய்க்கு ரிவர்ஸ் கியரே கிடையாது.

“நான் என்ன விருந்தாளியா, வேளாவேளைக்குத் தின்னுட்டுக் கையைக் கழுவிக்கிட்டு உட்கார? சம்பந்தி வீட்ல சும்மா இருக்க என்னால ஆகாது. டிப்போவுல இருந்து மஞ்சப் பூசணி விதை கொண்டாந்திருக்கேன். இந்த மண்ணுல போடறேன். ஒரே ஒரு காய் காய்க்கட்டும், பெட்டியைப் பிரிக்கிறேன். காய்க்கலையா, மழைக்காலத்துக்கு முன்னாடி கிளம்பிடறேன். அவ்வளவுதான்!”

சொல்லி வாயை மூடினப்புறம்தான் பிரேக்கைத் தேடினாங்க. என்ன பண்றது, வாய் சிக்னலைத் தாண்டிடுச்சு. பெட்டி கட்டில் கால்கிட்ட அப்படியே நின்னுது. தினம் காலையில அதுல இருந்து ஒரு சேலையை உருவுறது, சாயங்காலம் மடிச்சுத் திரும்ப அதுக்குள்ளயே வைக்கிறது. அலமாரியில மக காலி பண்ணி வச்ச தட்டு பல்லிளிச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டிருந்தது.

வீட்டுக்குப் பக்கவாட்டுல சந்து ஓரமா ஒரு துண்டு நிலம். இடுப்பளவு சுவர், மூலையில ஒரு இரும்பு கேட், வீட்டுக்குப் போக வர அதுதான் வழி. “நீளம் ஒரு பஸ்ஸு, அகலம் அரை பஸ்ஸு”ன்னு டிரைவரம்மா ஒரே பார்வையில அளந்துட்டாங்க. அதுல வெயில் நல்லா விழற பாதியில ஏற்கெனவே ஒருத்தர் குடியிருந்தாரு. மாஸ்டரோட ஐரிஸ்.

முதல்முதலா அதைப் பார்த்தப்ப டிரைவரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கல. வாள் வாளா நாலு இலை, விசிறி மாதிரி விரிச்சு, நுனியை எல்லாம் மாஸ்டர் கத்தரியால ஒரே சாய்வா வெட்டி விட்டிருந்தாரு. அடியில இஞ்சி மாதிரி ஒரு கிழங்கு, பாதி மண்ணுக்குள்ள, பாதி வெளிய.

“என்ன சம்பந்தி இது, பரேடுக்கு நிக்குது?”

“ஐரிஸ்... சம்பந்திம்மா. பூ வந்தா பாருங்க. மூணு இதழ் காலர் மாதிரி மேல நிமிரும். மூணு இதழ் கஃப் மாதிரி கீழ மடியும். ஊதா. நடுவுல மஞ்சளா, பட்டு நூல்ல தைச்ச மாதிரி...”

“சரி, எத்தனை நாளைக்கு இருக்கும்?”

“ஒரு வாரம்... நல்லா இருந்தா பத்து நாள்.”

“வருஷம் பூரா இடத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒரு வாரம்தான் தரிசனமா? அமைச்சர் மாதிரில்ல இருக்கு! என் பூசணி பாருங்க. போட்டா முளைக்கும், முளைச்சா ஓடும், ஓடுனா காய்க்கும். நாலு பேருக்கு வயிறு நிறையும்.”

மாஸ்டர் டேப்பைச் சுருட்டிக்கிட்டே சொன்னாரு, “உங்க பூசணி ஒரு வருஷத்துல முடிஞ்சிடும். இது எனக்குக் கல்யாணம் ஆனப்ப நட்டது. அவங்க போயிட்டாங்க, இது இருக்கு.”

டிரைவரம்மாவுக்கு மனசு இளகிடுச்சு. அவங்க மனசு இளகினா உடனே கை வேலை செய்யும், அதுதான் ஆபத்து. குளிர் விட்டும் விடாத காலம். அந்தக் கிழங்கு முதுகைக் காட்டிக்கிட்டு வெளிய கிடக்கிறதைப் பார்க்கப் பாவமா இருந்தது. மறுநாள் மாஸ்டர் கடைக்குத் துணி கொடுக்கப் போன நேரம், எருவும் மண்ணும் கலந்து, பச்சைப்புள்ளைக்குப் போர்வை போத்துற மாதிரி எல்லாக் கிழங்கையும் நல்லா மூடி, ரெண்டு வாளித் தண்ணியும் ஊத்திட்டாங்க. பூசணிக்கு அதுதானே வைத்தியம்? கொடி ஓடற வழியில கணுவுக்குக் கணு மண்ணைப் போட்டா, அங்கயே வேர் விட்டு இன்னும் வேகமா ஓடும். பூசணிக்கு நல்லது ஊருக்கே நல்லதுன்னு ஒரு கணக்கு.

மாஸ்டர் வந்து பார்த்தாரு. வாயைத் திறந்தாரு. மூடினாரு. “நல்லா... மூடியிருக்கீங்க”ன்னாரு.

“ஆமா சம்பந்தி, பாவம், குளிர்ல கிடந்துச்சு!”

அந்த வருஷம் ஐரிஸ் பூக்கல. இலை தளதளன்னு நின்னுது, மொட்டு ஒண்ணு கூட எட்டிப் பார்க்கல. மாஸ்டர் தினம் காலையில போய்க் குனிஞ்சு பார்ப்பாரு, டேப்பை வச்சு இலையை அளப்பாரு, ஒண்ணும் சொல்லாம வந்துடுவாரு. “மண்ணு பத்தல போலிருக்கு”ன்னு டிரைவரம்மா இன்னொரு கூடை போட்டாங்க.

இந்தப் பக்கம் பூசணி கிளம்பிடுச்சு. கிளம்பினதுன்னா சாதாரணக் கிளப்பலா! பஸ் ஓட்டின கையால போட்ட விதை ஆச்சே, எங்கயும் நிக்கல. முதல்ல நிலத்தோட பாதியைப் பிடிச்சது. அப்புறம் வாலை நீட்டி ஐரிஸ் வரிசைக்குள்ள ஓவர்டேக் பண்ணிச்சு. மாஸ்டர் அளவுகோலால அந்த வாலை மெதுவா எடுத்து இந்தப் பக்கம் விடுவாரு. மறுநாள் காலையில வால் திரும்ப அந்தப் பக்கம் இருக்கும். “அதுக்கு இடது பக்கம்தான் போகத் தெரியும் சம்பந்தி, விட்டுடுங்க!”ம்பாங்க டிரைவரம்மா. துணி காயப்போடற கயித்துல ஏறிச்சு. மாப்பிள்ளையோட பழைய ஃப்ரிட்ஜ் ஒண்ணு வெளிய கிடந்தது, அதுக்குள்ள பூந்து கதவு வழியா வெளிய வந்துச்சு. ஒரு இலை, பாத்திரம் கழுவுற தொட்டி அளவு. ஐரிஸ் நின்ன இடத்துல நின்னு இந்தக் கூத்தை எல்லாம் வேடிக்கை பார்த்துச்சு. கல்யாண வீட்டுக்கு வந்த கணக்கு வாத்தியார் மாதிரி.

ஆனா காய்? அதுதான் நிக்கல.

பெண் பூவெல்லாம் வந்துச்சு. பூவுக்கு அடியில கோலிக்குண்டு அளவுக்கு ஒரு பிஞ்சோட வரும், பார்த்தாலே கண்ணு பட்டுடும். விடியும்போது விரியும், வெயில் ஏறினதும் மூடும், ரெண்டு நாள்ல பிஞ்சு மஞ்சளாகும், தொட்டா உதிரும். ஒண்ணு போச்சு. அடுத்ததும் போச்சு. டிரைவரம்மா உதிர்ந்த பிஞ்சைக் கையில வச்சுக்கிட்டு, “ஆண் பூவே வரலையே, இது என்ன அதிசயமா இருக்கு, ஆண் பூதானே முதல்ல கூட்டமா வரும்?”னு தனக்குத்தானே பேசிக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. உஸ்ஸ்ஸ். அந்த ஏர்பிரேக் சத்தத்துல இப்ப காத்து கம்மியா இருந்துச்சு.

மாஸ்டர் முன் அறை ஜன்னல் வழியா அதைப் பார்ப்பாரு. பார்த்துட்டு, கத்தரியைத் துடைப்பாரு.

இப்படியே கோடை முடியப் போச்சு. கொடியில கடைசியா ஒரே ஒரு பெண் மொட்டு, கேட்டுக்குப் பக்கத்துல, நல்ல கொழுகொழுன்னு. இது நிக்கலைன்னா அவ்வளவுதான், இதுக்கு மேல வர்றது முத்தறதுக்குள்ள மழை பிடிச்சுக்கும். சாயங்காலம் பார்த்தா மொட்டு நுனி மஞ்சள் கட்டியிருந்தது. நாளைக்கு விடிஞ்சா விரியும். டிரைவரம்மா முழங்கால் போட்டு, இலையெல்லாம் விலக்கி, எங்கயாவது ஒரு ஆண் மொட்டு இருக்கான்னு தேடினாங்க.

மொட்டு இல்ல. காம்பு இருந்துச்சு.

ஒல்லி ஒல்லியா, நீளநீளமா, தலையில்லாத காம்பு. கொடி நெடுக. ஒவ்வொண்ணும் அடியில இருந்து சரியா ஒரே உயரத்துல, ஒரே சாய்வுல, பிசிறு இல்லாம வெட்டியிருந்தது. ஆடு கடிச்சா அப்படி இருக்காது. இந்த ஊர்ல இவ்வளவு சுத்தமா வெட்டற கை ஒண்ணே ஒண்ணுதான்.

“சம்பந்தீ...!”

அந்த சத்தத்துக்கு சந்துல போன சைக்கிள்காரர் இறங்கி ஓரமா நின்னுட்டாரு.

மாஸ்டர் மேஜையில கோட்டுத் துணியை வெட்டிக்கிட்டிருந்தாரு. டிரைவரம்மா ஒரு காம்பைக் கொண்டுவந்து அவர் மூக்குக்கு நேரா நீட்டினாங்க. “இது உங்க வேலைதானே?”

“ஆமா.” முகத்துல ஒரு பெருமை கூட. “காய் இல்லாத பூ, சம்பந்திம்மா. அடியில பிஞ்சே இல்ல, வெறும் காம்பு. சும்மா சத்தை உறிஞ்சுது. மொட்டு தலைகாட்டினதுமே, நீங்க பால் வாங்கப் போற நேரத்துல தினம் வெட்டி விட்டுடுவேன். பிஞ்சு உதிர உதிர இன்னும் ஒழுங்கா வெட்டினேன். காய்க்கு சத்து போகட்டும்னு.”

“அய்யோ, அதுதான்யா மாப்பிள்ளை! அது இல்லாம காய் எப்படி வரும்? கல்யாண மண்டபத்துல மாப்பிள்ளையை எல்லாம் வாசல்லயே வெட்டிட்டு, பொண்ணுக்கு ஏன் புள்ளை இல்லன்னு கேட்கிறீங்களே!”

மாஸ்டர் கையில இருந்த சாக்பீஸ் கீழ விழுந்துச்சு. முகம் அதே கலருக்கு வந்துச்சு. “ஐரிஸ்ல... அப்படி இல்லையே. காஞ்ச பூவை வெட்டினா கிழங்குக்கு நல்லதுன்னு...”

“என்னைக் கிளப்பணும்னு இருந்தா நேரா சொல்லியிருக்கலாம் சம்பந்தி. பூவை ஏன் வெட்டணும்?”

அந்த மனுஷன் அன்னைக்குத்தான் முதல்முறையா தலையை நிமிர்த்தினாரு. “உங்களைக் கிளப்பவா? நீங்க என் ஐரிஸை உசுரோட புதைச்சீங்க. அதுக்கு முதுகுல வெயில் படணும். முதுகை மூடினா பூக்காது. ஒரு கூடை இல்ல, ரெண்டு கூடை மண்ணு. நான் ஒரு வார்த்தை சொன்னேனா?”

டிரைவரம்மா நீட்டின காம்பைக் கீழ இறக்கினாங்க. குரலும் கூடவே இறங்குச்சு. “ஏன்யா சொல்லல?”

“விருந்தாளிகிட்ட எப்படிச் சொல்றது?”

விருந்தாளி. முள்ளு எங்க குத்தணுமோ அங்க சரியா குத்துச்சு. அத்தனை மாசமா இவங்க பயந்த வார்த்தை அதுதான். மகளும் மாப்பிள்ளையும் கதவோரம் நின்னாங்க. மாப்பிள்ளை அப்பா பக்கம் ஒரு ஆட்டு ஆட்டினாரு, அத்தை பக்கம் ஒரு ஆட்டு ஆட்டினாரு, நடுவுல வந்து நின்னுட்டாரு. கரண்ட் போன மாதிரி.

“சரி”ன்னாங்க டிரைவரம்மா. “அழுது ஆகப்போறது ஒண்ணுமில்ல. இந்த விதையோட தாய்க்கொடி இன்னும் டிப்போவுல டயர் ஷெட்டுக்குப் பின்னாடி ஓடிக்கிட்டிருக்கு. அங்க ஆண் பூ கொட்டிக் கிடக்கும். முதல் பஸ்ஸுல போனா, இங்க பூ மூடறதுக்குள்ள எடுத்துக்கிட்டு வந்துடலாம்.”

“நானும் வர்றேன்”னாரு மாஸ்டர். “வெட்டினது நான்.”

விடியக்காலையில பஸ் ஸ்டாப்புல ரெண்டு பேர். டிரைவரம்மா கையில கைப்பை. மாஸ்டர் கையில, கோட்டு வைக்கிற அட்டைப்பெட்டி, உள்ள ஈரத்துணி விரிச்சு. பஸ் வந்துச்சு. படிக்கட்டுல தொங்கிக்கிட்டு வந்தவர் நெட்டைக் கண்டக்டர், டிரைவரம்மாவோட பழைய ஜோடி. அவருக்கு மூக்கு வழியா ஒரு குரல், விசிலே தேவையில்ல.

“யாரது, ஏர்பிரேக் அக்காவா! ஏறுங்க ஏறுங்க, உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள பூரா காலி! இந்தப் பெரியவர் யாரு, மாப்பிள்ளையா?”

“சம்பந்திடா, வாயை மூடு!”

டிப்போவுல தாய்க்கொடி டயர் மேல எல்லாம் ஏறி, மஞ்ச மஞ்சளா ஆண் பூவை விரிச்சுக்கிட்டு நின்னுது. மாஸ்டர் கத்தரியை எடுத்தாரு. “இப்ப வெட்டுங்க, ஆசை தீர வெட்டுங்க!”ன்னாங்க டிரைவரம்மா. அவரு நாலே நாலு, நீளக் காம்போட, குழந்தைக்கு நகம் வெட்டற மாதிரி வெட்டி, பெட்டியில படுக்க வச்சாரு.

திரும்பி வர்றப்பதான் வினை. புது டிரைவர் நல்ல புள்ளதான், ஆனா முட்டை ஏத்தின லாரி மாதிரி ஓட்டுவாரு. டிரைவரம்மா அவர் சீட்டுக்குப் பின்னாடி நின்னு, இவங்க காலால அவர் பஸ்ஸுக்கு ஆக்சிலரேட்டர் மிதிச்சுக்கிட்டே வந்தாங்க. வெயில் ஏறிக்கிட்டே வந்துச்சு. மெயின் ரோட்டுல குழாய்க்குத் தோண்டிப் போட்டு, வண்டியெல்லாம் அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டு நின்னுது. கண்டக்டர் அதுக்குள்ள பஸ் முழுக்கக் கதையைச் சொல்லி முடிச்சிருந்தாரு. கடைசி சீட்டு நர்ஸம்மா எழுந்து வந்து பெட்டிக்குள்ள எட்டிப் பார்த்து, “பேஷன்ட் சோர்ந்து போயிட்டாரே, சீக்கிரம் போங்க!”ன்னாங்க. மூட்டைக்காரர், “ஏம்ப்பா டிரைவரு, ஒரு குடும்பம் உன் கையில இருக்கு!”ன்னாரு.

“இடது பக்கம் சந்துல விடு தம்பி!”ன்னாங்க டிரைவரம்மா. “எங்க சந்துதான். அந்தப் பக்கமா வெளிய போயிடலாம்.”

“வழி இருக்கா அக்கா?”

“கோடி வரைக்கும் நான் போனதில்ல, இருக்கும் விடு!”

வழி இல்ல. எப்பவும் இருந்ததில்ல. சந்தோட கோடியில ஒரு சுவர், அதுல ஒரு பூனை. பஸ் வீட்டுச் சுவரை ஒட்டி வந்து, பூனைக்கு முன்னாடி நின்னுது. உஸ்ஸ்ஸ்ஸ். இந்தத் தடவை நிஜ ஏர்பிரேக்.

கண்டக்டர் முன்னாடி பார்த்தாரு, பின்னாடி பார்த்தாரு, ரெண்டு பக்கமும் பார்த்தாரு. அப்புறம் ரொம்ப மரியாதையா, மூக்கு வழியா சொன்னாரு: “அக்கா, வண்டி திருப்ப இடமில்ல.”

காலம் பூரா இவங்க மத்தவங்களுக்குச் சொன்ன வார்த்தை. யாரோ திருப்பி இவங்களுக்கே சொன்னது அன்னைக்குத்தான். புது டிரைவர் ஸ்டியரிங்கை விட்டுட்டு ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டாரு. “என்னால இவ்வளவு தூரம் ரிவர்ஸ் எடுக்க முடியாதும்மா. பின்னாடி நின்னு யாராவது சொன்னாத்தான்...”

பஸ்ஸுக்குள்ள வேலைக்குப் போற கூட்டம். நர்ஸம்மா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாங்க. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்குப் பக்கத்துல அந்தப் பூ, இதழ் ஓரமெல்லாம் சுருங்க ஆரம்பிச்சிருக்கு. டிரைவரம்மா ஒரு நொடி அதைப் பார்த்தாங்க, ஒரு நொடி பஸ்ஸைப் பார்த்தாங்க. அவங்க கொண்டாந்து சொருகின வண்டி. அவங்கதான் உருவணும்.

“சம்பந்தி, இறங்குங்க. பூ உங்க பொறுப்பு!”

“எனக்கா? நானா? நான் இதுவரைக்கும்...”

“ஓடுங்கய்யா!”

மாஸ்டர் பெட்டியோட கேட்டுக்குள்ள ஓடினாரு. டிரைவரம்மா சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு பஸ்ஸுக்குப் பின்னாடி போய் நின்னாங்க. அதுக்கப்புறம் அந்தச் சந்து கேட்ட சத்தம் இருக்கே!

“வரட்டும் தம்பி, வரட்டும் வரட்டும், இடது ஒடி! சம்பந்தி, ஆண் பூவோட இதழை எல்லாம் உரிங்க!”

“உரிச்சாச்சு!”

“தம்பி, நேராக்கு, நேராக்கு! நடுவுல மஞ்சளா குச்சி இருக்கா சம்பந்தி?”

“இருக்கு! பொடியா ஒட்டுது!”

“அதுதான், அதை வீணாக்காதீங்க! தம்பீ, தண்ணித்தொட்டி, தண்ணித்தொட்டி! ஒடி, ஒடி, போதும்! சம்பந்தி, பொண்ணு பூவோட வாயை விரல்ல மெதுவா விரிச்சு...”

மாடி ஜன்னல்ல இருந்து மக, “அசையாதீங்க மாமா! கையை அசைக்காதீங்க!”ங்கிறா. மாப்பிள்ளை எதிர்ப்பக்கம் நின்ன வண்டியெல்லாம் இழுத்து ஓரம்கட்டறாரு, முதல்முறையா ஒரே திசையில தலையாட்டிக்கிட்டு. பஸ் ஜன்னல் பூரா தலை. மூட்டைக்காரர், “இன்னும் கொஞ்சம் உள்ள விடுங்க பெரியவரே!”ங்கிறாரு. கண்டக்டர் படிக்கட்டுல தொங்கிக்கிட்டு, “ரைட் ரைட் ரைட்! பூவுக்கும் ரைட், வண்டிக்கும் ரைட்!”ங்கிறாரு.

“சம்பந்தி, அழுத்தாதீங்க, மெதுவா தடவுங்க! சுத்தித் தடவுங்க! மூணு பக்கமும் படணும்! ஏன் இவ்வளவு மெதுவா பண்றீங்க? ஏன் பேச மாட்டேங்கிறீங்க? என்ன பண்றீங்க அங்க? சம்பந்தி! சம்பந்தீ!”

அப்ப சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு குரல் வந்துச்சு. யாரும் அதுவரைக்கும் கேட்டதில்லாத குரல். கண்டக்டரே திரும்பிப் பார்த்தாரு.

“கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இருங்கம்மா! எனக்குத் தெரியும்!”

சுவர்ல இருந்த பூனை இறங்கி ஓடிடுச்சு.

டிரைவரம்மா பஸ்ஸுக்குப் பின்னாடி, தூக்கின கை தூக்கினபடி நின்னாங்க. அப்புறம் மெல்ல மெல்ல முகம் பூரா ஒரு சிரிப்பு பரவுச்சு. விருந்தாளியை யாராவது இப்படித் திட்டுவாங்களா? நாளெல்லாம் வீட்ல இருந்து கழுத்தை அறுக்கிறவங்களைத்தானே இப்படித் திட்ட முடியும்! அந்த சந்தோஷத்துல அவங்க கடைசி வளைவை, “வா கண்ணு, வா ராஜா, அப்படியே வா”ன்னு கொஞ்சியே எடுத்துவிட்டாங்க. பஸ்ஸு மெயின் ரோட்டுல ஏறினப்ப, உள்ள இருந்து விசில் பறந்துச்சு.

அதுக்கப்புறம் ஒரு வாரம் வீட்ல யாரும் அந்தப் பிஞ்சு பக்கம் மூச்சு விடல. மக வேலையில இருந்து வந்ததும் எக்ஸ்ரேவைப் பார்க்கிற மாதிரி கண்ணை இடுக்கிப் பார்ப்பா. டிரைவரம்மா, பயத்தை எங்கயாவது போட்டாகணுமே, ஐரிஸ்கிட்ட போய் உட்கார்ந்து, தான் போட்ட ரெண்டு கூடை மண்ணையும் கரண்டியால சுரண்டிச் சுரண்டி எடுத்தாங்க. கிழங்கெல்லாம் திரும்ப முதுகைக் காட்டிச்சு. “மன்னிச்சுக்கம்மா, உனக்குப் போர்வை ஆகாதுன்னு யாரு கண்டா?”ன்னு அதுகிட்ட ஒரு வார்த்தை. ஜன்னல் வழியா அது மாஸ்டர் காதுல விழுந்துச்சு. டேப்பை எடுத்துக்கிட்டு பிஞ்சுகிட்ட போனாரு.

“சம்பந்திம்மா. நேத்தைக்கு விட அரை இன்ச் கூடியிருக்கு.”

கூடிச்சு. கோலிக்குண்டு பந்தாச்சு, பந்து குடமாச்சு. மாஸ்டர் தினம் காலையில பூசணிக்கு இடுப்பளவு எடுத்தாரு. “இன்னிக்கு டபுள் எக்ஸெல்”ம்பாரு. எங்க முளைச்சுதோ அங்கயே உருண்டு திரண்டு, கேட்டுக்கும் சுவருக்கும் நடுவுல சரியா போய் உட்கார்ந்துக்கிச்சு. கேட்டைத் திறக்க முடியாது. நகர்த்தினா காம்பு உடைஞ்சிடும்னு டிரைவரம்மா யாரையும் தொட விடல. வீடே சுவரேறிக் குதிச்சுப் போய் வந்துச்சு. மாப்பிள்ளை ரிப்பேருக்கு வந்த ஃப்ரிட்ஜைத் தலைக்கு மேல தூக்கிக் கொடுத்தாரு.

மழைக்கு முன்னாடி, மாஸ்டர் ஐரிஸ் கிழங்கைத் தோண்டிப் பிரிச்சாரு. அதுக்கு அதுதான் காலமாம். அதுல நல்லதா ஒரு துண்டை எடுத்து, இலையை விசிறி மாதிரி வெட்டி, டிரைவரம்மாகிட்ட நீட்டினாரு. “உங்களுக்கு.”

டிரைவரம்மா அதைக் கையில வாங்கிப் பார்த்தாங்க. நிலத்துல ஒரு சாண் இடமில்ல, எல்லாம் பூசணி. நேரா மாடிக்குப் போனாங்க. சேலை எல்லாத்தையும் அள்ளி அலமாரித் தட்டுல தொப்புன்னு போட்டாங்க. பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க, அடியில ஆணியால நாலு ஓட்டை போட்டாங்க, மண்ணை நிரப்பினாங்க. நடுவுல ஐரிஸ் கிழங்கை வச்சு, முதுகு வெளிய தெரியற மாதிரி, பாதி மட்டும் மண்ணை அணைச்சு, வெயில் பார்த்து வச்சாங்க.

மாஸ்டர் பெட்டியைப் பார்த்தாரு, அலமாரி இருக்கிற மாடிப் பக்கம் பார்த்தாரு, பூசணியைப் பார்த்தாரு. கண்ணுல ஒரு குறும்பு. பழையபடி ஊசிக்கு நூல் கோக்கிற குரல்ல கேட்டாரு: “ஏன் சம்பந்திம்மா... காய் காய்ச்சாச்சு, சரி. ஆனா நாளைக்கே கோவம் வந்து... கிளம்பணும்னா... பெட்டிக்கு என்ன பண்ணுவீங்க?”

டிரைவரம்மா கையில ஒட்டின மண்ணைத் தட்டினாங்க. பூசணி பக்கத்துல போய், ‘உஸ்ஸ்ஸ்ஸ்’னு முழு ஏர்பிரேக்கைப் போட்டு உட்கார்ந்தாங்க.

“கிளம்பறதா? நல்லா கேட்டீங்க சம்பந்தி! வாசலை அடைச்சுக்கிட்டு என் பூசணி படுத்திருக்கு, பெட்டிக்குள்ள உங்க ஐரிஸ் முதுகைக் காயவச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு. வந்த நாள்ல இருந்து தொண்டை கிழியக் கத்தறேன், இந்த வீட்ல வண்டி திருப்ப இடமில்ல, வண்டி திருப்ப இடமில்லன்னு. ஒருத்தராவது காதுல போட்டுக்கிட்டீங்களா? திருப்ப இடமில்லாத சந்துல வந்து மாட்டின வண்டி எங்கய்யா போகும்? இங்கயேதான் நிக்கும், ஹாரன் அடிச்சுக்கிட்டேதான் நிக்கும். உங்களுக்குச் சத்தம் தாங்கலைன்னா, கோட்டுக்குள்ள வைக்கிற பஞ்சு மேஜைக்கடியில மூட்டை மூட்டையா இருக்குல்ல, எடுத்துக் காதுல வச்சுக்கங்க!”